வெயில் காலமும் இருதயக் கருவியும்



"நெஞ்சுக்குள் மிஷின் வைத்தவர்களை இந்த வெயில் என்ன செய்யும்?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். சபையில் ஒரு மூப்பருக்கோ வீட்டில் ஒரு தகப்பனாருக்கோ அந்தக் கருவி இருக்கிறது என்பது கடிதங்களின் தொனியிலேயே தெரிந்தது. நான் வைத்தியன் அல்ல, இறையியல் கல்லூரியில் படித்த போதகன். ஆனாலும் பல வருஷங்களாக வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்தவன். இங்கே எழுதியிருப்பதை எங்கள் டாக்டர் ஒருமுறை வாசித்து, இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியும் கொடுத்தார். ஆகவே தைரியமாக அனுப்புகிறேன்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பையனின் கதையை நாம் எல்லோரும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அறுப்புக் காலம். தகப்பனைத் தேடி வயலுக்குப் போன பையன் தலைவலியால் துடிக்கிறான். வேலையாள் ஒருவன் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் விடுகிறான். மத்தியானம் வரைக்கும் அவள் மடியில் கிடந்து, பிறகு இறந்துபோகிறான். அந்தத் தேசத்தில் கோதுமை அறுப்பு நல்ல வெயில் ஏறிய நாட்களில் நடப்பது. அதனால் பையனை வெயில் தாக்கியிருக்க வேண்டும் என்று வியாக்கியானம் எழுதினவர்கள் பலர் சொல்லுவார்கள். நாமோ எலிசா செய்த அற்புதத்தைப் பற்றியே பிரசங்கம் பண்ணுகிறோம். எனக்கு இப்போதெல்லாம் கதையின் முன்பாதிதான் மனதில் நிற்கிறது. காலையில் நடந்து போனவன் மத்தியானத்தில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த இதழில் படிக்கப்போகிறோம். பையனைக் கொண்டல்ல, நான் கண்ணால் கண்ட ஒரு மனிதரைக் கொண்டு.

கப்பலூரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நால்வழிச் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் சுங்கச்சாவடி, சுற்றிலும் மேட்டாங்காடு. மரநிழல் குறைவு. சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அதிசயமல்ல. தகரக் கூரைக்குக் கீழே நின்று லேத் ஓட்டுகிறவருக்கு அந்த 40 என்ற கணக்கே பொருந்தாது.

நான் சொல்லவந்த மனிதர் அப்படி ஒரு பட்டறையில் வேலை செய்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மாரடைப்பு வந்து, இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்டது. அதன்பின் ஒருநாள் மயங்கி விழுந்து தப்பினார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.டி. என்கிற கருவியை வைத்து அனுப்பினார்கள். மாதாந்திர மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் எங்களிடம் வருவார்.

ஒரு மே மாதம், அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். மத்தியானம் பட்டறையில் ஒருமுறை, ராத்திரி வீட்டில் இரண்டுமுறை, ஆக மூன்று தடவை கருவி ஷாக் கொடுத்திருந்தது. கழுதை நெஞ்சில் உதைத்தது மாதிரி இருந்தது என்றார். விடிந்தபின் நான் வார்டுக்குப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, டாக்டர்கிட்டச் சொல்லி இந்த மிஷினை எடுத்துருங்க. வெயில்ல சூடேறிக் கெட்டுப்போச்சு. உள்ளுக்குள்ளேயே கரண்டு விடுது."

அவர் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். "தொட்டா எங்களுக்கும் அடிக்கும்னு பேரப்பிள்ளையக்கூட பக்கத்துல விடமாட்டேங்கிறாக, ஐயா" என்றார்.

கருவி கெட்டுப்போயிருக்கவில்லை. அன்று நடந்தது நேர்மாறானது. அதை விளங்கிக்கொள்ளக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும்.

பேஸ்மேக்கரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். துடிப்பு மிகவும் மந்தமாகும்போது அது தட்டி எழுப்பும். ஐ.சி.டி. முக்கியமாக எதிர்த்திசை ஆபத்துக்காக வைப்பது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கிற இருதயம், தழும்புள்ள கீழறையிலிருந்து கிளம்பும் தவறான மின்சாரத்தால் சிலருக்கு 200-க்கு மேல் ஓடத் தொடங்கும். இன்னும் முற்றினால் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும். நடுங்கும் இருதயம் இரத்தத்தை வெளியே தள்ளாது. சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் கருவி, இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் போகும் கம்பியினால் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கும். டாக்டர் வைத்த எல்லையைத் துடிப்பு தாண்டினால், முதலில் வலிக்காத வேகத் தட்டல்களால் அதை மடக்கப் பார்க்கும். முடியாவிட்டால் சில வினாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே அடியாகக் கொடுத்து, துடிப்பைத் திரும்பச் சீராக்கும்.

இதை நினைத்து உருவாக்கியவர் மிஷேல் மிரோவ்ஸ்கி என்கிற யூத மருத்துவர். 1924-இல் வார்சாவில் பிறந்து, யுத்தம் வந்தபோது பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடி உயிர் தப்பியவர். இஸ்ரவேலில் அவருடைய குருவாக இருந்த ஹாரி ஹெல்லர் 1966-இல் இந்தத் துடிப்புக் கோளாறினால் இறந்தார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே வாழ்நாள் முழுவதும் கிடக்கச் சொல்லமுடியாத நோயாளிக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஷாக் மிஷினை உடம்புக்குள் அனுப்பிவைத்தால் என்ன என்ற எண்ணம் அந்த மரணத்தில் பிறந்தது. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகருக்குப் போய், மார்ட்டன் மோவர் என்ற நண்பரோடு வேலையைத் தொடங்கினார். நடக்காத காரியம் என்று பேர்பெற்ற பலர் எழுதினார்கள். 1980 பிப்ரவரி 4-ஆம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் கருவி ஒரு பெண்மணிக்கு வைக்கப்பட்டது. அன்று நெஞ்சைத் திறந்துதான் வைக்கவேண்டியிருந்தது. இன்றைக்குத் தோலைச் சிறிது கீறினால் போதும்.

நம் ஊரில் ஏன் இத்தனை பலவீன இருதயங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை என்று பழைய பதில்கள் உண்டு. அதோடு, 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து செய்தது. இருதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டுப்போயிருப்பது தெற்காசியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் இருக்கிறது என்றும், வயதாகும்போது இருதயத் தசை பலவீனப்படுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் கண்டார்கள். இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நாகமலை அடிவாரத்துக் கல்விச்சாலையின் பெயர் உலக வைத்திய ஏடுகளில் வந்தது இங்கே அநேகருக்குத் தெரியாது என்பதனால் எழுதினேன்.

இனி பருவகாலத்துக்கு வருகிறேன். கருவிக்குள் ஒரு ஞாபகப் புத்தகம் உண்டு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன வேகத்தில் துடிப்பு தவறியது, தான் என்ன செய்தது என்று அது குறித்துவைக்கிறது. முன்னெல்லாம் ஒருவர் திடீரென்று இறந்தால் அது எந்த நிமிஷத்தில் எதனால் என்று யாரும் திட்டமாகச் சொல்லமுடியாது. இப்போது கருவியின் குறிப்பையும் அன்றைய வானிலைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. தென் இங்கிலாந்தில் 1995 முதல் 2003 வரை கருவி வைத்தவர்களின் குறிப்புகளை அப்படிப் பார்த்தார்கள். குளிர் கூடக்கூடக் கருவி வேலை செய்வதும் கூடியது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது அதிகம் என்று கண்டார்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும், இருதயம் முக்கித் தள்ளவேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 203 பேரின் கருவிகளைப் பார்த்தவர்கள் காற்றின் அசுத்தத்தைக் கவனித்தார்கள். புகை மிகுந்த நாட்களை ஒட்டித் துடிப்புக் கோளாறு கூடியது. அதிலும் சமீபத்தில் ஒருமுறை கோளாறு வந்தவர்களுக்கே அதிகம் பாதித்தது. நால்வழிச் சாலையோரம் குடியிருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

ஆனால் உறைபனி ஊரில் எடுத்த கணக்கை அப்படியே கொண்டுவந்து கப்பலூரில் பிரசங்கம் பண்ணினால் சனங்கள் சிரிப்பார்கள். நம்முடைய மார்கழிக் குளிருக்கு ஒரு மப்ளர் போதும். நமக்கு ஆபத்து வெயில். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில், வழக்கமான மே மாதத்தைக் காட்டிலும் 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். நம் தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சாகிறவர்கள் எல்லோரும் நடுரோட்டில் சுருண்டு விழுகிறவர்கள் என்று நினைக்கிறோம். அநேகர் வீட்டுக் கட்டிலில், ஏற்கெனவே பலவீனமாயிருந்த இருதயத்தோடு போகிறவர்கள்.

வெயில் இருதயத்தைத் தொடுவது இப்படித்தான். உடம்பு தன் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. அதற்காக இருதயம் வேகமாக ஓடவேண்டும். நல்ல இருதயத்துக்கு அது ஒரு வேலையல்ல, தழும்புள்ள இருதயத்துக்கு மலையேற்றம். வெயிலில் உழைக்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போகலாம். தண்ணீர் மட்டுமா போகிறது? உப்பும் போகிறது. உள்ள உப்பைப் பிடித்துவைக்கச் சிறுநீரகம் பாடுபடும்போது, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் என்ற இன்னோர் உப்பைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. இந்தப் பொட்டாசியமும் மெக்னீசியமும்தான் இருதயத்தின் மின்சாரத்தை ஒழுங்கில் வைப்பவை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தசையணுக்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது அவற்றைக் கொண்டே. அவை குறைந்தால் அணுக்கள் தயாராவதற்குத் தாமதமாகும், நடுவில் தாறுமாறாக மின்சாரம் கிளம்பும். தழும்பின் ஓரம் அதற்குத் தோதான இடம்.

நம் லேத் தொழிலாளிக்கு நடந்ததைக் கேளுங்கள். முந்தின மார்கழியில் அவருக்குக் காலில் நீர் கோத்திருந்தது. தண்ணீரை அளந்து குடியுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, நீர் மாத்திரையையும் கூட்டிக் கொடுத்தார். நல்ல ஆலோசனைதான், மார்கழிக்கு. இவர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர். பங்குனி போய், சித்திரை வந்து, பட்டறை அடுப்பாய்க் கொதித்தபோதும் அதே ஒன்றரை லிட்டர் பாட்டில், அதே இரண்டு நீர் மாத்திரை. தாகம் எடுத்தாலும் அடக்கிக்கொண்டார். இதற்குமேல் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டு மூன்று நாள் பேதி. பேதியில் பொட்டாசியம் நேராகவே வெளியேறும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். பேதிக்குக் கொடுக்கிற சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற சில மாத்திரைகள் இருதயத்தின் மின்சாரத்தை இன்னும் தாமதப்படுத்தக்கூடியவை. அவர் ஏற்கெனவே துடிப்பை அடக்க அமியோடரோன் சாப்பிடுகிறவர், அதற்கும் அதே குணம் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடியது.

அன்று ராத்திரி எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8. மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் இருக்கவேண்டியது. டிரிப்பில் பொட்டாசியமும் மெக்னீசியமும் மெதுவாக ஏற்றினார்கள். மறுநாள் கருவி வைத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அதன் குறிப்பைப் படிக்கச் செய்தோம். மூன்று முறையும் கீழறை நிஜமாகவே தறிகெட்டு ஓடியிருந்தது. மூன்று முறையும் கருவி சில வினாடிகளுக்குள் அதை நிறுத்தியிருந்தது. அதாவது, கெட்டுப்போனது என்று அவர் எடுத்துவிடச் சொன்ன மிஷின் ஒரே நாளில் மூன்று தரம் அவர் உயிரைக் காத்திருந்தது.

சூரிய வெப்பத்தில் கருவி கெடாது. அது உடம்புக்குள் உடம்பின் சூட்டிலேயே, சுமார் 37 டிகிரியில் இருக்கிறது. வெளியே 42 ஆனாலும் உள்ளே அது மாறுவதில்லை. வெயில் கெடுப்பது உடம்பின் தண்ணீரையும் உப்பையும்தான். கருவி அதற்குப் பதில் சொல்லுகிறது, அவ்வளவே. இதை ஒரு நோயாளி புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் காரியம் செய்யவேண்டும்.

உங்கள் வீட்டில் கருவி வைத்தவர் இருந்தால் பங்குனி மாதத்திலேயே அவருடைய டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கோடைக்குத் தண்ணீர் எவ்வளவு, நீர் மாத்திரை எவ்வளவு? பலவீன இருதயக்காரருக்கு அதிகத் தண்ணீர் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், குறைந்த தண்ணீர் துடிப்பைக் கெடுக்கும். இடையில் உள்ள வழி குறுகலானது, ஆளுக்கு ஆள் வேறு. அதனால் பத்திரிகையில் எழுதிவிட முடியாது. நானும் எழுதமாட்டேன். ஆனால் வீட்டிலேயே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்த்து நோட்டில் எழுதிவாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது. அதேபோல இரண்டு கிலோ இறங்கினால் உடம்பு வற்றுகிறது. இரண்டுக்கும் போன் செய்யவேண்டும். ஏறினால் பயப்படுகிற நம் சனங்கள், இறங்கினால் சந்தோஷப்படுகிறார்கள். கோடையில் அது தப்பான சந்தோஷம்.

பேதியோ வாந்தியோ ஒரு நாள் இருந்தாலும் அன்றே டாக்டரைக் கேளுங்கள். நீர் மாத்திரையை நிறுத்துவதும் தொடருவதும் அவர் சொல்லட்டும். கடையில் கேட்டு மாத்திரை வாங்கவே வேண்டாம். இளநீரைப் பற்றியும் ஒரு எச்சரிப்பு. வெயிலுக்கு அதைப்போல நல்லது ஒன்றுமில்லை என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். மெய்தான், அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ஆனால் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைப்பவை. சிறுநீரகமும் பழுதாயிருந்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறும். அதுவும் இருதயத்தை நிறுத்தும். ஆகையால் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல், உப்புப் போட்ட நீர்மோர் எதுவானாலும் உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டபின் குடியுங்கள். நான் பார்க்கப்போன வீடுகளில் அன்பாக இளநீர் வெட்டிக்கொடுத்தே நோயாளியைச் சங்கடப்படுத்தும் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதினொன்று மணிக்குமேல் மூன்றரை வரை வெயிலில் உழைக்கக் கூடாது. காற்றே கொதிக்கும்போது மின்விசிறி அனலைத்தான் வீசும். துண்டை நனைத்துக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு அதன்கீழ் உட்கார்ந்தால் பலன் தெரியும். அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் எரிந்து கறுக்கும், ஆகவே முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும்.

ஷாக் அடித்துவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒருமுறை அடித்து, பிறகு உடம்பு வழக்கம்போல இருந்தால், அன்றைக்கே உங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் அடித்தாலோ, ஒருமுறை அடித்தும் மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடிக்கும் நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறவருக்கு ஆபத்தில்லை, மிஞ்சினால் ஒரு சிறு சுருக்கு தெரியும். ஷாக்குக்குப் பிறகும் நினைவின்றி மூச்சின்றிக் கிடந்தால், கருவி இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் நெஞ்சின் நடுவில் அழுத்திக் கொடுக்கவேண்டும். கருவி அதற்குத் தடையல்ல.

மழைக்காலத்துக்கும் ஒரு பாடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஈரமாகும். எர்த் சரியில்லாத வீட்டில் கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், கிணற்று மோட்டார் இவற்றிலிருந்து மின்சாரம் கசியும். மற்றவர்களுக்கு விரலில் ஒரு சுருக்கோடு போகிற கசிவைக் கருவி இருதயத்தின் வெறித்த துடிப்பு என்று தப்பாக எண்ணிவிடக்கூடும். அப்போது நல்ல நினைவோடு நிற்கிற மனிதருக்கே ஷாக் விழும். இது வெளிநாட்டு வைத்திய ஏடுகளிலும் எழுதப்பட்டிருக்கிற காரியம். கருவிக்கு லட்சக்கணக்கில் செலவு பண்ணின குடும்பம், ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்து, கசிவு வந்தால் தானே அணையும் ஈ.எல்.சி.பி. சுவிட்சைப் போடுவதற்குத் தயங்கக் கூடாது. வெல்டிங் பட்டறைக்காரர்கள் கருவி வைத்தபின் அந்த வேலைக்குத் திரும்புமுன் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும். தொழிற்பேட்டையை ஒட்டிய எங்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

மீண்டும் அந்தச் சகோதரரிடம் வருகிறேன். பொட்டாசியம் இரண்டு நாளில் ஏறிவிட்டது. பயம் ஏறின இடத்திலிருந்து இறங்கவில்லை. வீட்டுக்குப் போனபின் அவர் தூங்கவில்லை. பட்டறைக்குப் போகவில்லை. ஷாக் விழுந்த திண்ணையில் உட்காருவதில்லை. வெயிலில் நிழல் அசைந்தால்கூட நெஞ்சைப் பிடிப்பார். கருவி வைத்தவர்களில், அதிலும் அடுத்தடுத்து ஷாக் வாங்கினவர்களில், இப்படி நொறுங்கிப்போகிறவர்கள் குறைவல்ல. இந்த நோயில் இதை ஒரு பெரிய பாகமாகவே டாக்டர்கள் சொல்லுகிறார்கள்.

நான் முதல் தடவை போனபோது "பயப்படாதேயுங்கள் தம்பி" என்று சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். அது போதவில்லை. என் தொழிலில் அந்த வார்த்தையைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அடி வாங்கினவனுக்கு எதைக் கண்டு பயப்படக்கூடாது என்றே தெரியாதபோது அது காதில் ஏறாது. இரண்டாம் தடவை போகும்போது கருவியின் குறிப்புத்தாளை நகல் எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் விரித்து, ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். மத்தியானம் 2.10, துடிப்பு 214, பிறகு ஒழுங்கான கோடு. இதோ இந்த இடத்தில் நீங்கள் போயிருப்பீர்கள், இதோ இந்த இடத்தில் திரும்பினீர்கள். அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். லேத்தில் மைக்ரோமீட்டர் பார்க்கிற கண், கோடு அவருக்குப் புரிந்தது. "அப்ப இது வேலை செஞ்சிருக்கு" என்றார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் நர்சுமார் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பங்குனி பிறந்ததும் இருதயம் பலவீனமாயுள்ள நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, தண்ணீர் அளவையும் மாத்திரையையும் டாக்டரிடம் சரிபார்க்க வரச் சொல்லி, பொட்டாசியமும் சிறுநீரகப் பரிசோதனையும் எடுத்துவிடுகிறார்கள். கருவியின் விலைக்கு முன்னால் அந்தப் பரிசோதனைச் செலவு ஒன்றுமேயில்லை. ஆனால் தினக்கூலி வாங்குகிறவர் ஒன்றும் செய்யாதபோது அதற்காகச் சில நூறு ரூபாய் எடுக்கமாட்டார். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பங்கு இந்த இரத்தப் பரிசோதனைகளுக்குப் போகிறது. படம் எடுத்துப் போடமுடியாத செலவு என்பதனால் இத்தனை பத்தி எழுதி விளக்கவேண்டியதாயிற்று.

எடைக்கருவி வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தோம், சுற்றில் விடுவதற்கு. லேத் சகோதரர் அதை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, முள் கால் கிலோ தப்பாகக் காட்டுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோய் அவரே திருத்தித் திருப்பித் தந்தார். இந்த வருஷம் நாங்கள் போன் செய்வதற்கு முன்னாலேயே நோட்டோடு வந்துவிட்டார். பொட்டாசியம் 4.2. கருவி அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூட ஷாக் கொடுக்கவில்லை. பட்டறையில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடிக்கிறார், மற்ற வேலையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளுகிறார். முதலாளி முதலில் முணுமுணுத்தாராம். பிறகு மற்ற இரண்டு பேருக்கும் அதே நேரத்தை வைத்துவிட்டாராம்.